தினமும் ஓட்ட எந்த சைக்கிள் வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் 7 கிலோமீட்டர் தூரம். பெரும்பாலும் தார்ச்சாலை, நடுவில் கொஞ்ச தூரம் குண்டும் குழியும், ஒரு மேம்பாலம். பையில் மடிக்கணினியும் மாற்று உடையும் இருக்கும். விடுமுறை நாட்களில் அவசரமில்லாமல் 20, 30 கிலோமீட்டர் சுற்றிவர ஆசை. கண்ணில் பட்டிருப்பது 21 கியர், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், முரட்டு டயர் வைத்த ஒரு மவுன்டன் பைக். நண்பர் ரோடு பைக் வாங்கச் சொல்கிறார். வீட்டில், பழைய பாணி சைக்கிளே போதும் என்கிறார்கள். மூன்றில் எது?

மூன்றும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஹைபிரிட் என்றும் சிட்டி பைக் என்றும் விற்கிற வகையைப் பாருங்கள். சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர், ஏழோ எட்டோ கியர், மட்கார்டும் கேரியரும் மாட்டுவதற்கான திருகு துளைகள், உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் ஃப்ரேம். இவ்வளவு இருந்தால் போதும். அந்த மூன்றுக்குள்தான் ஒன்றை எடுத்தாக வேண்டும் என்றால் வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். பளபளப்பு கம்மிதான், ஆனால் மூன்றில் தினசரி ஓட்டத்துக்கென்றே செய்த வண்டி அது ஒன்றுதான்.

கடைகளில் அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிடுவது கியர் எண்ணிக்கை, சஸ்பென்ஷன், டிஸ்க். ஆறு மாதம் கழித்தும் நீங்கள் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பீர்களா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. உடம்புக்கு அளவு சரியா, டயர் எப்படி, மழையில் முதுகில் சேறு அடிக்குமா, பையை எங்கே வைப்பது. இவற்றை யாரும் அட்டையில் எழுதுவதில்லை, நீங்களாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வேகத்தைப் பேசி முடித்துவிடலாம். ரோடு பைக் யோசனை அங்கிருந்துதான் வருகிறது. 7 கிலோமீட்டரை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 21 நிமிடம் ஆகும். 25 கிலோமீட்டர் வேகத்தில் 17 நிமிடம். லாபம் நான்கு நிமிடம். அதற்கு உடம்பு கொடுக்கிற விலையைப் பாருங்கள். சமதரையில் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால், உங்களைத் தடுத்து நிறுத்தப் பார்ப்பதில் பெரும்பங்கு காற்றுதான். காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் முப்படி அளவில் ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்து 20 இல் போகிறவர் ஏறத்தாழ 100 வாட் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அதே ஆள் 25 இல் போக 160, 170 வாட் வேண்டியிருக்கும். பலருக்கு முன்னது பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய உழைப்பு; பின்னது அலுவலக வாசலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் உழைப்பு. வழியில் நான்கைந்து சிக்னல் இருந்தால் அந்த நான்கு நிமிடத்திலும் பாதி அங்கேயே போய்விடும்.

ரோடு பைக்கில் குனிந்து ஓட்டுவதால் காற்றுத்தடை குறைவது உண்மைதான். ஆனால் அதன் டயர் பெரும்பாலும் 25, 28 மில்லிமீட்டர் அகலம். பல ஃப்ரேம்களில் கேரியர் மாட்ட வழியே இருக்காது. நெரிசலில் அக்கம்பக்கம் பார்க்கும்போது கழுத்தைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் நண்பர் வாரக்கடைசியில் 80 கிலோமீட்டர் போகிறவராக இருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு அது சரியான வண்டி.

எடையைப் பற்றியும் இதே கணக்குதான். பழைய பாணி சைக்கிள் 18, 20 கிலோ வரும். ஹைபிரிட் 12 முதல் 14. ரோடு பைக் 8 முதல் 10. கேட்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் நீங்கள் மிதித்து நகர்த்துவது வண்டியை மட்டுமல்ல, உங்களையும் பையையும் சேர்த்து. மொத்தம் 95 கிலோவில் ஐந்து கிலோ குறைந்தால் சமதரையில் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது. மேம்பாலத்தில் ஐந்து சதவீதம் இலகுவாகும், அவ்வளவுதான். எடை உண்மையிலேயே கடிக்கிற இடம் ஒன்று உண்டு: வண்டியை தினமும் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால். அப்படிப்பட்ட வீடு என்றால், கடையில் வண்டியைத் தோளில் தூக்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்து அளவு. கியரும் பிரேக்கும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஃப்ரேமை மாற்ற முடியாது. எஸ், எம், எல் என்று போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொரு நிறுவனத்தின் எல் அளவுக்கு இருக்கும். வண்டியின் குறுக்கே இரண்டு காலையும் ஊன்றி நில்லுங்கள். மேல் பாருக்கும் கவட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும். பிறகு ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை முழுக்க நீண்டு விறைத்தால் ஃப்ரேம் நீளம் அதிகம். மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரை நெருங்கினால் நீளம் குறைவு. உயரத்தைச் சீட் கம்பியால் ஓரளவு சரிசெய்யலாம். நீளத்தில் அந்த வசதி மிகக் குறைவு, எனவே இரண்டு அளவுக்கு நடுவே நின்றால் கை எட்டுவதை வைத்து முடிவெடுங்கள்.

சீட் உயரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். பயம் இல்லாமல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், இரண்டு வாரத்தில் முட்டியின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். சரியான உயரம் காண எளிய வழி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழே கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுதாக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. ஓட்டும்போது குதிகாலுக்குப் பதில் பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், அப்போது முழங்காலில் தேவையான சின்ன மடிப்பு தானாகக் கிடைத்துவிடும். அளவு நாடாவை நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: வெறுங்காலில் நின்று கவட்டையிலிருந்து தரை வரை அளந்து அதை 0.883 ஆல் பெருக்குங்கள். கிராங்கின், அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டு சுழலும் அச்சின், மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த நீளம். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 வரும். அதை அரை சென்டிமீட்டர் இப்படி அப்படி மாற்றிப் பார்த்து உங்களுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றுவதுதான் முறை. நான்கைந்து நாளில் பழகிவிடும்.

சீட் மெத்தென்று இருந்தால் நல்லது என்ற எண்ணமும் தப்பு. கடையில் அழுத்திப் பார்க்க நன்றாக இருக்கும் தடித்த ஜெல் சீட்டில் அரைமணி உட்கார்ந்தால், எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைச் சதை தாங்கும், மரத்துப்போகும். உட்காரும் எலும்புகள் இரண்டும் சீட்டின் அகலமான பகுதியில் பதிய வேண்டும், முக்கியம் அதுதான். அட்டைப்பெட்டியின் நெளி அட்டை ஒன்றைக் கெட்டியான மேசையில் போட்டு அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி தெரியும். குழிகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமான சீட்டாகப் பாருங்கள். எவ்வளவு நிமிர்ந்து உட்காருகிறீர்களோ அவ்வளவு அகலம் வேண்டும்.

இப்போது டயர். என்னைக் கேட்டால், வண்டியின் சுகத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. குண்டு குழிக்கு சஸ்பென்ஷன் வேண்டாமா என்று நீங்கள் கேட்பதற்கும் பதில் இங்கேதான்.

ஒல்லி டயர்தான் வேகமாக உருளும் என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லி டயரும் அகல டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே, வடிவம்தான் வேறு. ஒல்லி டயரில் அது நீளவாக்கில் அமையும், அகல டயரில் குட்டையாக, அகலவாக்கில் அமையும். குட்டையாக இருக்கும்போது டயரின் பக்கச்சுவர் மடங்கி விரிவது குறைவு, வீணாகும் சக்தியும் குறைவு. நடைமுறையில் அகல டயரில் காற்றைக் குறைத்துத்தான் ஓட்டுவோம். அதனால் அந்த லாபம் கொஞ்சம் கரையும், பதிலுக்குக் குலுக்கல் குறையும். கரடுமுரடான சாலையில் குலுக்கலே சக்தியைத் தின்பதால் அங்கே அகல டயர் தோற்பதில்லை. 40 மில்லிமீட்டர் டயரில், 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 முதல் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) காற்று வைத்து ஓட்டினால் சின்னக் குழிகளையெல்லாம் டயரே விழுங்கிவிடும். பின்சக்கரத்தில் பாரம் அதிகம், அதில் ஐந்து பிஎஸ்ஐ கூட வைக்கலாம். மேல்வரம்பு டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

முரட்டுக் கட்டைகள் வைத்த டயர் மண்ணுக்கும் சேற்றுக்கும் ஆனது. தார்ச்சாலையில் அது ஊளையிட்டுக்கொண்டே வரும், ஒவ்வொரு கட்டையும் நெளிந்து நெளிந்து சக்தியைத் தின்னும். மழைக்குப் பிடிப்பு வேண்டுமே என்று கேட்பார்கள். காருக்குத் தண்ணீரின் மேல் மிதக்கும் ஆபத்து உண்டு, அதற்காக டயரில் பள்ளம் வெட்டுகிறார்கள். சைக்கிளின் வேகத்திலும் அழுத்தத்திலும் அது நடப்பதில்லை. ஈரத் தார்ச்சாலையில் வழவழப்பான டயர் நன்றாகவே பிடிக்கும். வழுக்குவது சாலையில் போட்ட வெள்ளைக்கோட்டிலும் இரும்பு மூடிகளிலும்தான். அங்கே எந்த டயரும் வழுக்கும்.

டயர் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 26 அங்குலம், 28 அங்குலம் என்று சொல்வதை நம்பி டயர் வாங்கினால் ஏமாறுவோம். 26 என்ற பெயரில் 559 மில்லிமீட்டர் ரிம்மும் உண்டு, 590 ரிம்மும் உண்டு; ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 28 என்பது 622 ஆகவும் இருக்கலாம், பழைய பாணி சைக்கிள்களின் 635 ஆகவும் இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால் ரோடு பைக்கில் 700சி என்பதும் மவுன்டன் பைக்கில் 29 அங்குலம் என்பதும் ஒரே 622 தான். டயரின் பக்கத்தில் 40-622 என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்த இரண்டாவது எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்கும்போதே 622 அல்லது 559 ஆக இருந்தால் பிற்பாடு டயர் தேடி அலைய வேண்டியிருக்காது.

பஞ்சருக்கு பயந்து காற்றில்லாத கெட்டி டயர் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், கனமாக உருளும், எலும்பெல்லாம் அதிரும், சக்கரக் கம்பிகள் சீக்கிரம் போகும். உட்புறம் தடுப்புப் பட்டை வைத்த டயர் வாங்குங்கள், அப்புறம் வாரத்துக்கொரு முறை காற்றைப் பாருங்கள். சாதாரண ரப்பர் டியூபில் காற்று தானாகவே மெல்லக் கசியும். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். முள்ளே இல்லாமல் ஏன் பஞ்சரானது என்று குழம்புகிறவர்களின் டியூபில் பெரும்பாலும் அந்த இரட்டை ஓட்டை இருக்கும்.

ஆக சஸ்பென்ஷன் எதற்கு? வேரும் பாறையுமான மலைப்பாதையில் சக்கரம் தரையை விட்டு எழாமல் இருக்க. விலை குறைந்த வண்டிகளில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க் சாதாரண ஃபோர்க்கைவிட ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ கூடுதல் எடை; உள்ளே ஸ்பிரிங் மட்டும் இருக்கும், அதை அடக்கும் எண்ணெய் அமைப்பு இருக்காது. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் கால் கொடுக்கிற அழுத்தத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதற்கே போய்விடும். பின் சஸ்பென்ஷன் இன்னும் மோசம்: இணைப்புகள் தேய்ந்து ஆடும், கேரியர் வைக்கவும் இடைஞ்சல். நல்ல சஸ்பென்ஷன் இல்லாமல் இல்லை, ஆனால் அது இருக்கிற வண்டியின் விலை வேறு. மலிவு வண்டியில் இரட்டை சஸ்பென்ஷன் இருந்தால், அதற்கான செலவை வேறு எங்கிருந்தோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் சக்கரத்திலிருந்தும் பேரிங்கிலிருந்தும்.

21 கியர் கதைக்கு வருவோம். முன்னால் மூன்று பற்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. பரவலாக வரும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: முன்னால் 48, 38, 28 பற்கள், பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது கிடைக்கும். 48-ஐ 28 ஆல் வகுத்தால் 1.71. 38-ஐ 22 ஆல் வகுத்தால் 1.73. 28-ஐ 16 ஆல் வகுத்தால் 1.75. மூன்று தனித்தனி கியர் என்று எண்ணிக்கொள்கிறோம், காலுக்கு மூன்றும் ஒன்றுதான். இப்படி ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கியர்களைக் கழித்தால் உருப்படியாகத் தேறுவது பத்துப் பன்னிரண்டு. செயின் கோணலாக ஓடும் சேர்க்கைகளையும் தவிர்க்க வேண்டும்: முன்னால் பெரியது பின்னால் பெரியது, முன்னால் சின்னது பின்னால் சின்னது.

இதோடு ஒப்பிடப் பாருங்கள். முன்னால் 38 பல் ஒன்றே ஒன்று, பின்னால் 11 முதல் 34 வரை எட்டு. மிக இலகுவான கியர் 1.12, மிகக் கனமானது 3.45. அந்த 21 கியர் வண்டியில் இவை 1.0, 3.43. அதாவது எட்டே கியரில் கிட்டத்தட்ட அதே வீச்சு, கியர் மாற்றும் ஷிஃப்டர் ஒன்று குறைவு, ஒரு கேபிள் குறைவு, முன்பக்கம் செயின் கழன்று விழும் தொல்லையும் குறைவு. உங்கள் மேம்பாலத்துக்கு 1.12 தாராளம்.

கியரே இல்லாமலும் முடியும். முன்னால் 44, பின்னால் 18 பல் உள்ள ஒற்றை வேக சைக்கிளில் ஒரு மிதிக்கு வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வந்துவிடும். சமதரையான ஊரில் வேறென்ன வேண்டும்? எதிர்காற்றும் ஏற்றமும் வரும்போதுதான் குறை தெரியும். இரண்டுக்கும் நடுவே, பின்சக்கர அச்சுக்குள்ளேயே கியரை அடைத்து வைத்த வகை ஒன்று இருக்கிறது. 1902 இலிருந்தே இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் அச்சைச் செய்யத் தொடங்கிவிட்டது. இப்போது ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் நெக்சஸ் வரிசையில் மூன்று, ஏழு, எட்டு கியர் வரை கிடைக்கிறது. மழையும் தூசியும் உள்ளே போகாது. செயினை முழுக்க மூடலாம். எல்லாவற்றையும்விட, சிக்னலில் நின்றுகொண்டே கியர் மாற்றலாம். வெளியில் தெரியும் கியரில் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் மாறும். விலை கூடுதல், எடை கூடுதல், பஞ்சர் ஒட்ட பின்சக்கரத்தைக் கழற்றுவது சள்ளை. ஆனாலும் தினசரி ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான். உங்கள் பக்கத்தில் இதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

பிரேக்கில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். குரோம் பூசிய இரும்பு ரிம்மைப் பிடிக்கும் பிரேக் மழையில் கைவிட்டுவிடும். நனைந்தால் வண்டி நிற்கும் தூரம் பல மடங்கு நீளும். அலுமினிய ரிம்மும், அதை இரு பக்கமும் நீண்ட கைகளால் கவ்வும் வி-பிரேக்கும் இருந்தால் மழையிலும் ஒருவாறு சமாளிக்கலாம். பிரேக் கட்டையை நீங்களே மாற்றலாம், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். நிறைய மழையில் ஓட்டுவீர்கள் என்றால் டிஸ்க் நல்லது, அதிலும் கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக். கேபிள் வைத்த மலிவு டிஸ்க்கை அடிக்கடி முறுக்கிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் கிரீச்சிடும், பிடிக்கவும் பிடிக்காது. அதைவிட நல்ல வி-பிரேக் மேல். எதுவானாலும், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்வதால் பின்சக்கரம் வெறுமனே தேயும். எந்தக் கைப்பிடி முன் பிரேக் என்பது நாட்டுக்கு நாடு மாறும், புது வண்டியில் ஏறியதும் முதலில் அதைப் பாருங்கள். கை சின்னதாக இருப்பவர்கள் பிரேக் லீவர் விரலுக்கு எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை உள்ளே இழுத்துவைக்கச் சின்னத் திருகு ஒன்று இருக்கும்.

மட்கார்டு, கேரியர், செயின் கவர் மூன்றையும் அழகைக் கெடுப்பவை என்று கழற்றிவிட்டு விற்கிறார்கள். அலுவலகம் போகிறவருக்கு இவை இல்லாத வண்டி அரை வண்டிதான். பின் அச்சின் அருகிலும் சீட் கம்பிக்குக் கீழும் திருகு துளைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் பிறகுகூட மாட்டிக்கொள்ளலாம். கேரியர் பெரும்பாலும் 25 கிலோ தாங்கும், அதன்மேலேயே எழுதியிருக்கும். பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டினால் முதுகு முழுக்க வியர்வை. கேரியரின் பக்கத்தில் தொங்கும் பையில் போட்டால் பாரமும் தாழ்வாக நிற்கும். இப்படிப் பையும் மூட்டையும் வைக்கிறவர்களுக்கு மேல் பார் தாழ்ந்த ஃப்ரேம் பெரிய வசதி. கேரியரில் சாமான் இருக்கும்போது காலைப் பின்னால் வீசி ஏற முடியாது. அது பெண்களுக்கான வண்டி என்று ஒதுக்குகிற ஆண்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் வயது வரும், அப்போது தெரியும்.

ஃப்ரேம் எதில் செய்தது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரும்பு கொஞ்சம் கனம், உடைந்தால் வெல்டு வைக்கலாம். அலுமினியம் இலகு, துருப்பிடிக்காது. கார்பன் உங்களுக்குத் தேவையில்லை.

பாதி தூரம் ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவராக இருந்தால் மடக்கு சைக்கிளைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். 16 அல்லது 20 அங்குலச் சக்கரம், மடித்தால் மேசைக்கு அடியில் போய்விடும். ஆனால் சின்னச் சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும், ஹேண்டிலும் சட்டென்று திரும்பும். 7 கிலோமீட்டர் முழுக்க மிதிக்கிற உங்களுக்கு அது தேவைப்படாது. மின்சார சைக்கிளையும் யோசித்தால், மிதித்தால் மட்டும் உதவுகிற வகையாக எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் வரையிலான மோட்டாரும் 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுவிடும் உதவியும் இருந்தால் அதைச் சைக்கிளாகவே கணக்கில் எடுக்கிறார்கள். மற்ற நாடுகளில் விதி வேறாக இருக்கும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். 400 வாட்-மணி பேட்டரி, கிலோமீட்டருக்குப் பத்து வாட்-மணி செலவு என்றால் 40 கிலோமீட்டர் வரும். எடை 20 கிலோவுக்கு மேல் போய்விடும் என்பதால் மாடிப்படிக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள். கடை வாசலில் ஒரு வட்டம் அடிப்பது போதாது. பத்து நிமிடமாவது, முடிந்தால் ஒரு ஏற்றத்திலும் ஒரு மோசமான சாலையிலும். உங்கள் பையோடு ஓட்டுங்கள். உள்ளங்கை மரத்தால் பாரம் முன்னால் அதிகம் சாய்கிறது. ஹேண்டிலை உயர்த்த முடியுமா என்று கேளுங்கள்.

பழைய வண்டி வாங்குவதானால் முன்சக்கரத்துக்கு நேர் பின்னால், ஃப்ரேமின் கீழ்க்குழாய் ஹேண்டில் குழாயோடு சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே பெயின்ட் சுருங்கியோ புடைத்தோ இருந்தால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது, விட்டுவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் கோணல் தெரியும். சின்னக் கோணலை பெண்டு எடுத்துச் சரிசெய்யலாம். கிராங்கை இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் பேரிங் செலவு இருக்கிறது. செயினை அளக்க ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். 24 இடைவெளி சேர்ந்தால் புதுச் செயினில் மிகச் சரியாக 12 அங்குலம். அது பன்னிரண்டேகால் அரைக்கால் என்று நீண்டிருக்கத் தேவையில்லை, ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தாலே செயினோடு பின்பல் சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். சீட் கம்பி மேலும் கீழும் நகர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். துருவேறி இறுகிப்போனதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

பெட்டியில் வந்த வண்டியை வீட்டிலேயே பொருத்தினால் மூன்று இடத்தில் கவனம். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரமுள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். வலுக்கட்டாயமாக வலப்பக்கம் சுற்றினால் கிராங்கே வீணாகும். ஃபோர்க் முன்பின்னாகத் திரும்பியிருக்கக்கூடாது, அதன் வளைவும் அச்சும் முன்னோக்கி இருக்க வேண்டும். வி-பிரேக் என்றால் கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும், டயரில் உரசக்கூடாது.

வாங்கும்போதே நல்ல பூட்டுக்கும் முன்பின் விளக்குகளுக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். ஒல்லிக் கேபிள் பூட்டைக் கையடக்கக் கட்டரால் நறுக்கிவிடலாம். டி வடிவ இரும்புப் பூட்டாக வாங்கி, ஃப்ரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து அசையாத ஒன்றோடு பூட்டுங்கள். அப்புறம், ஒரு மாதம் ஓட்டிய பிறகு வண்டியை ஒருமுறை கடைக்குக் கொண்டுபோங்கள். புதுக் கேபிள்கள் அதற்குள் படிந்து தளர்ந்திருக்கும், கியர் தாவ ஆரம்பித்திருக்கும். சக்கரக் கம்பிகளும் ஒன்றிரண்டு இளகியிருக்கும். அரைமணி வேலைதான், ஆனால் அப்போது இறுக்காமல் விட்ட கம்பிகள்தான் பிறகு ஒவ்வொன்றாக அறுந்து விழும்.